காரோடு வந்த நாய்

டிரைவிங் டீச்சர் யார் பெயரையும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை நாள் கணக்கில்தான் கூப்பிடுவார். "மூணாம் நாள், கிளட்சை மெதுவா விடு" என்பார். மறுநாள் அதே ஆள் நாலாம் நாள் ஆகிவிடுவார். பெரிய வங்கியில் மேலாளராக இருந்தாலும் சரி, கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, இருபத்தைந்து நாள் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் அவரவர் பெயர் அவரவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஒல்லியான, ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி. குரல் மட்டும் லாரி ஹாரன். அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி அவரிடம் திட்டு வாங்கியவைதான்.

இப்படிப்பட்டவர் ஒரு நாய்க்குப் பெயர் வைத்திருப்பார் என்று எதிர்பார்த்தால் தப்பு நம்முடையது. பதினோரு வருடமாக அந்த நாய் அவருடைய காரின் பின் சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றியது. டீச்சர் அதை "ஏய்" என்றுதான் கூப்பிட்டார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பாவம் பார்த்து 'பின்சீட்டு' என்று ஒரு பெயர் வைத்தார்கள். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். என்ன வகை நாய் என்று அதைப் பெற்றவளைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டாள்.

யாராவது தெரியாத்தனமாக "உங்க நாய் நல்ல நாய் டீச்சர்" என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"என் நாய் இல்ல. காரோட வந்தது."

அதில் பொய் ஒன்றும் இல்லை. மகளோடு வெளிநாட்டில் போய் இருக்கப் புறப்பட்ட ஒரு பெரியவரிடமிருந்து அந்தக் காரை டீச்சர் வாங்கினார். வாங்கப் போன அன்றே, ஒரு வயசுகூட நிரம்பாத இந்தப் பிராணி பின் சீட்டில் சுருண்டு கிடந்தது. இது தன்னுடையதில்லை, கண்ணாடி இறங்கியிருந்தால் ஏறிப் படுத்துக்கொள்ளும் தெரு நாய், விரட்டி விடுங்கள் என்று பெரியவர் சொன்னார். டீச்சர் விரட்டினார். நாய் கொட்டாவி விட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வகுப்பு; அதனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. சரி, இன்றைக்கு ஒரு நாள் இருந்து தொலையட்டும் என்று வண்டியை எடுத்தார். அந்த ஒரு நாள்தான் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

பின்சீட்டுக்கு டிரைவிங் தெரியும் என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டீச்சருக்கு நேர் பின்னால், முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு அது உட்காரும். யாராவது கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டி குலுங்கி நின்றால், மூக்கு வழியாக நீளமாக ஒரு பெருமூச்சு விடும். டீச்சரின் திட்டையாவது ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். அந்தப் பெருமூச்சு பிடரியில் சூடாக வந்து விழும், மானம் போய்விடும். அதைவிட, திருப்பம் முடிந்த பிறகும் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தால் அதற்கு ஆகாது. ஒரே ஒரு குரைப்பு. அணைத்தால் பேசாமல் இருக்கும். வங்கி மேலாளர் லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றார். ஒவ்வொரு திருப்பத்திலும் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தால் எந்த அதிகாரிதான் கையெழுத்துப் போடுவார்?

டீச்சருக்கு அதன் மேல் பாசம் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார். பின் சீட்டில் தடிமனான ஒரு விரிப்பு போட்டிருந்தார். அது சீட் கிழியாமல் இருக்க. வெயில் காலத்தில் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு துணித் திரை தொங்கவிட்டார். அது சீட் வெளுக்காமல் இருக்க. வருடா வருடம் நாய் டாக்டரிடம் ஊசி போடக் கூட்டிப் போவார். எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டால் "சர்வீஸுக்கு" என்பார். ராத்திரி கார் கொட்டகையில் நாய் தனியாகக் குளிரில் கிடக்கக் கூடாதென்று சமையலறைக் கதவு ஓரமாக அதற்குப் பழைய போர்வை விரித்ததை மட்டும் எப்படி விளக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டார்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரார் எல்லோருக்கும் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவர், வீட்டில் நடப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கப் பழகியிருந்தார். அவரும் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முப்பது வருடத்தில் தான் எத்தனையாம் நாள் என்று மட்டும் அவர் கேட்டதில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் காருக்கு வயசாகிவிட்டது. இனிமேல் இந்த வண்டியில் வகுப்பு நடத்தக் கூடாது என்று போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டீச்சர் வேறொரு கார் பார்த்து, டீச்சர் பக்கமும் ஒரு பிரேக் வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பழையதை வாங்க ஒரு சோபாக்காரர் வந்தார். கிழிந்த சோபாக்களுக்குப் பஞ்சும் துணியும் மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். ரெக்ஸின் சுருள் ஏற்றிப் போக ஒரு வண்டி தேவைப்பட்டது. சூதுவாது தெரியாத மனிதர். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வார். அதுதான் வினையாகப் போயிற்று.

வண்டியைச் சுற்றிப் பார்த்தவர், பின் சீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இது உங்க நாயா என்று கேட்டார். டீச்சர் வாய் பழக்க தோஷத்தில் பட்டென்று சொல்லிவிட்டது. என் நாய் இல்லை, காரோடு வந்தது. சோபாக்காரர் சரி என்று தலையாட்டினார். பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் வண்டியைப் பற்றி விசாரித்தார். அங்கேயும் ஆளாளுக்கு, நல்ல வண்டிதான், நாய் காரோடு வந்தது என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மனதில் குறித்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது டீச்சருக்குத் தெரியாத பழமொழியா என்ன?

வண்டியை எடுக்க வந்த அன்று சோபாக்காரர் ஒரு புதுத் தட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எதற்கு என்று டீச்சர் கேட்டார்.

"நாய்க்குத்தான் டீச்சர். காரோட நாயும் சேர்த்துத்தானே?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் அன்றைய ஆறாம் நாளும் பதினெட்டாம் நாளும் நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை. பதினோரு வருடம் ஊர் முழுக்கத் தண்டோரா போட்ட ஒரு வாக்கியத்தை எல்லோர் முன்னாலும் எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது? ஒரு வழிதான் தோன்றியது. நாயே இறங்கி வந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. சோபாக்காரர் டிரைவர் இடத்தில் ஏறி உட்கார்ந்ததும் பின் கதவைத் திறந்து, "ஏய், இறங்கு" என்றார்.

நாய் இறங்கவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தது.

வகுப்பு ஆரம்பிக்கும்போது அது தினமும் உட்காருவது அப்படித்தான். டிரைவர் இடத்தில் ஒரு புது ஆள் ஏறியாகிவிட்டது, இனி டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார வேண்டியதுதான் பாக்கி என்று அது நினைத்திருக்க வேண்டும். வேறு எதை நினைக்கும்? ஆனால் டீச்சர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். ஓஹோ, நான் சொன்னதுதான் நிஜமா, நீ காருடைய நாய்தானா என்று ஒரு நொடியில் நெஞ்சு கசந்துபோனது. வேடிக்கைக்குச் சொன்னது நிஜமாகிவிட்டால் வலிக்கும். அவருக்கு வலித்தது.

"கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். தெரு முனையில் வண்டி திரும்பும்போது ஒரு குரைப்பு கேட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் தொடர்ச்சியாக. சோபாக்காரர் இண்டிகேட்டரை அணைக்க மறந்திருப்பார் என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த கணவர் எங்கே என்று கேட்டார். எது எங்கே என்றுகூட அவர் சொல்லவில்லை. அதனுடைய வண்டியில் அது போய்விட்டது என்று டீச்சர் பதில் சொன்னார். கணவர் கண்ணாடியைக் கழற்றி, ஏற்கனவே சுத்தமாக இருந்ததை ரொம்ப நேரம் துடைத்தார்.

"இத்தனை வருஷமா காருக்குப் பசிச்சப்போ யார் டீச்சர் சாப்பாடு போட்டது?"

அன்று சமையலறைக் கதவு ஓரத்துப் போர்வையை யாரும் மடிக்கவில்லை.

புதுக் கார் வந்தது. பெருமூச்சு விட ஆளில்லாத கார். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நிலைமை நேர்மாறு. அடுத்த நாலு நாளும் டீச்சர் எரிந்து விழுந்தார். சரியாக ஓட்டினாலும் திட்டு, தப்பாக ஓட்டினாலும் திட்டு. பத்தாம் நாளைப் பன்னிரண்டாம் நாள் என்று கூப்பிட்டார். இது சரித்திரத்தில் நடக்காதது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பவர், தான் மட்டும் திரும்பாமல் நேராகவே உட்கார்ந்திருந்தார். காலியான சீட்டைப் பார்க்க அவரால் முடியவில்லை. இதை வெளியே சொன்னால் தலை இறங்கிவிடுமே!

நாய் போன ஐந்தாவது நாள் காலை சோபாக்காரர் போன் செய்தார். வாங்கிய பொருளில் குறை இருந்தால் விற்றவரிடம் சொல்கிற அதே தொனி. காரோட நாய் என்று சொன்னீர்கள், இது காருக்குள் ஏறவே மாட்டேன் என்கிறது, ஏற வைக்க ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா என்று கேட்டார். டீச்சர், அந்த வண்டியில் ஒரு குடையை மறந்து வைத்துவிட்டதாகவும், எடுக்க வருவதாகவும் சொன்னார். குடை எல்லாம் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற கதை.

காலை வகுப்புகள் மூன்றையும் ரத்து செய்துவிட்டுப் போனார். சோபாக்காரரின் பட்டறை வாசலில் தோல் உரிந்த சோபாக்கள் மூன்று வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்த்தது. அவர் வாயில் நாலைந்து சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒரு நாற்காலிக்குத் துணி அடித்துக்கொண்டிருந்தார். பழைய கார் மரத்தடியில் நின்றது, நாலு கதவும் விரியத் திறந்து. நாய் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது.

டீச்சர் கேட்டைத் தாண்டி வந்ததும் அது வாலை ஒரே ஒரு தடவை ஆட்டிவிட்டது. உடனே தப்பு செய்துவிட்டாற்போல நிறுத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

டீச்சர் அதைப் பார்க்காத மாதிரி சோபாக்காரரிடம் போய் செகண்ட் கியர் பிடிக்கிறதா என்று விசாரித்தார். கிளட்ச் எப்படி, ஹாரன் எப்படி என்று கேட்டார். அந்த நல்ல மனிதர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கேட்கக் கார் பாகம் எதுவும் மிச்சமில்லாமல் போனபோது, அவரே ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"அன்னைக்கு உங்க தெரு முனை திரும்பினதுமே கத்த ஆரம்பிச்சுது டீச்சர். இங்க வர வரைக்கும் பின் கண்ணாடியப் பாத்துக் கத்திட்டே வந்துச்சு. கதவத் தெறந்ததும் இறங்குனதுதான், அப்புறம் காரைத் திரும்பிக்கூடப் பாக்கல. மூணு சோபா போட்டுக் குடுத்தேன், ஏறல. சாப்பாடும் எடுக்கல. காரோட நாய் இப்படியா இருக்கும்?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன, தூசி என்று சொல்லிக்கொள்ள அங்கே பஞ்சு நிறையப் பறந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

"அது காரோட நாய் இல்லங்க. என் நாய். பதினோரு வருஷமா என் நாய்தான். சொல்லிக்க எனக்கு வாய் வரல."

"அத முன்னாடியே சொல்லியிருந்தா அது நாலு நாள் பட்டினி கெடந்திருக்காதே" என்றார் சோபாக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். ஊரையே திட்டிய டீச்சர் அந்த ஒரு வாக்கியத்தைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

சொல்லியாகிவிட்டது, இனி நாய் ஓடி வந்து மேலே பாயும் என்றுதானே நாம் நினைப்போம்? அது கேட்டின் கம்பியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. டீச்சர் பக்கத்தில் போனார். அது இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தது. வேறு வழியில்லாமல் அவரும் தரையில், பஞ்சுக்கும் நூல் குப்பைக்கும் நடுவில், துவைத்துத் தேய்த்த உடுப்போடு உட்கார்ந்தார். கத்தினது எனக்குக் கேட்டது, வேறு எதற்கோ என்று நினைத்துக்கொண்டேன், தப்பு என்னுடையதுதான் என்று அதனிடம் மெதுவாகச் சொன்னார். யாரிடமும் அவர் இப்படிப் பேசிச் சோபாக்காரர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நாகரிகமாக உள்ளே போய்விட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் நாய் எழுந்தது. டீச்சரைத் தாண்டிப் போய், வெளியே நின்ற புதுக் காரின் பின் கதவுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றது. மன்னித்துவிட்டதாகவெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம், கதவைத் திற, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு டீச்சர் மாறிவிட்டார். மாறியதையும் அளவோடு செய்யத் தெரியவில்லை. நல்ல நாய் என்று யாராவது சொன்னால், "என் நாய்" என்றார். யாரும் சொல்லாவிட்டாலும் சொன்னார். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆளிடம் சொன்னார். லைசென்ஸ் அதிகாரியிடம் சொன்னார். முதல் நாள் வருகிறவர்களுக்கு கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று வரிசையாகக் காட்டிவிட்டு, "பின்னாடி இருக்கிறது என் நாய்" என்று முடித்தார். கணவர் இதையும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார், கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துக்கொண்டு.

பதினாலு மாதம் அப்படிப் போனது. நாய்க்குப் பன்னிரண்டு முடிந்து பதிமூன்று நடந்தது. இதயம் பலவீனமாகிவிட்டது, மருந்து கொடுப்போம், ஆனால் ரொம்ப நாள் எதிர்பார்க்க வேண்டாம் என்று நாய் டாக்டர் சொன்னார். வீட்டில் படுக்க வைத்தால் கேட்கவில்லை. ஆறு மணி ஆனால் கார் கதவுக்கு முன்னால் போய் நின்றது. ஏற முடியாததால் கணவர் தினமும் தூக்கி உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

ஒரு நாள் காலை ஓட்டியது எட்டாம் நாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கும் பெண். வேலைக்கு நேரமாகிவிடும் என்று காலை முதல் வகுப்புக்கு வருவாள். பயந்த சுபாவம். எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பாள். அன்று என்னவோ நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அகலமான சாலை, முன்னால் வண்டி எதுவும் இல்லை. அப்போது பின் சீட்டிலிருந்து மெல்லிசாக ஒரு முனகல் வந்தது. அந்த மாதிரி ஒரு சத்தத்தை நாய் காருக்குள் போட்டதே இல்லை.

"நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே டீச்சர்" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. ஓரமா நிறுத்து."

டீச்சர் இறங்கிப் பின்னால் ஏறினார். பின் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாயின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நாய் டாக்டர் வீடு இரண்டு கிலோமீட்டர். அங்கே ஓட்டச் சொன்னார். நீங்கள் முன்னால் இல்லாமல் எனக்கு வராது என்று அந்தப் பெண் சொன்னாள்.

"வரும். எட்டு நாளா நீதான் ஓட்டுற. நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். போ."

அவள் போனாள். டீச்சர் ஒரு தடவைகூடச் சாலையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க நாயால் முடியவில்லை. ஆகவே வண்டி திரும்புவதை வைத்தும் குலுங்குவதை வைத்தும் ஊரை அதற்குச் சொல்லிக்கொண்டு வந்தார். இது பெட்ரோல் பங்க். இது ஸ்கூல் வாசல், பிள்ளைகள் இன்னும் வரவில்லை. இது அந்தக் கறுப்பு நாய் வீடு, நீ எப்போதும் முறைப்பாயே. இது பாலம். பாலத்தைத் தாண்டியதும் மடியில் இருந்த தலை கனத்தது. பாலத்துக்கு அப்புறம் வருகிற தெருக்களையும் அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

நாய் டாக்டர் வீட்டு வாசலில் அந்தப் பெண் வண்டியை ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டு போய் நிறுத்தினாள். கைப் பிரேக்கைப் போட்டாள். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"டீச்சர்... வந்துட்டோம். வண்டிய அணைக்கட்டுமா?"

"கொஞ்ச நேரம் ஓடட்டும்மா" என்றார் டீச்சர். "அணைச்சா இறங்கணும்."

அந்தப் பெண் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.